இல்லாத மருந்து

மினசோட்டாவின் வடகோடி. மார்ச் மாதம்.
ஜன்னலுக்கு வெளியே ஏரி இன்னும் கல்.
மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் அடித்தளத்தில்
மேல்நிலைப் பள்ளியின் விடைத்தாள்கள்
எட்டுப் பெட்டிகளாய் வந்து இறங்கியிருக்கின்றன.
பெயர் கிடையாது. வயது உண்டு, வகுப்பு உண்டு,
பென்சிலால் கறுத்த வட்டங்கள் உண்டு.

பத்தொன்பது வருடமாய் இவற்றை
இயந்திரத்துக்கு ஊட்டுகிறவள் நான்.
மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊரின் பிள்ளைகள் அத்தனை பேரும்
என் கட்டைவிரலைத் தாண்டிப் போகிறார்கள்.

கடந்த முப்பது நாளில் எத்தனை நாள் குடித்தாய்?
ஒரே அமர்வில் ஐந்து கோப்பைக்கு மேல்?
முதல் சிகரெட்டின்போது உனக்கு என்ன வயது?

என்னை யாரும் கேட்டதில்லை. பதிமூன்று.
ஐஸ் ஹாக்கி அரங்கின் பின்சுவர்.
லொரெய்ன் மகோவெக் பற்றவைத்துத் தந்தாள்.
கண்ணில் நீர் முட்ட இருமினேன்,
மறுநாளும் போனேன்.
சிகரெட்டுக்காக இல்லை,
லொரெய்ன் இருந்தாள்.

நான் சேர்ந்த புதிதில் கோடு உயரத்தில் இருந்தது.
ஏப்ரலில் பனி உருகினால் போதும்,
மைதானத்தில் பீர் கேன் முளைக்கும் என்பார்
பள்ளியைக் கூட்டும் ரூடி பிரெபில்.
பிறகு கோடு சரிந்தது.
சிகரெட் ஏறக்குறையத் தரை தொட்டது.
பீரும் இறங்கியது.
ஆணையர் கேக் வெட்டினார்:
வெள்ளைக் க்ரீமின்மேல் நீலக் கோடு,
வலப்பக்கம் தாழ்ந்து.
தாழ்ந்த பக்கத் துண்டு எனக்கு வந்தது.
இனிப்பு அதிகம்.

அடுத்த சுற்றுக்குள்
ரூடி சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து
என் மேசைமேல் வைத்தார்.
உதட்டுச்சாயம் அளவில் பிளாஸ்டிக். மாம்பழ வாசம்.
மாமரத்தைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லாத ஊரில்
ஆண்கள் கழிப்பறை முழுக்க மாம்பழம்.
எங்கள் கேள்வித்தாளில் அதற்குப் பெயரே இல்லை.
நாங்கள் பெயர் வைத்து அச்சடிப்பதற்குள்
அவர்கள் வேறு வாசத்துக்குப் போய்விட்டார்கள்.

ஐம்பத்திரண்டாம் கேள்வி ஒரு பொறி.
வெலட்ரின் எத்தனை நாள் எடுத்தாய்?
அப்படி ஒரு போதை உலகத்தில் இல்லை.
ஒரு மதியம் குழு கூடிச் செய்த சொல் அது.
எடுத்தேன் என்பவன் பொய்யன்,
அவன் தாளையே விலக்கு என்பது விதி.
பெரும்பாலும் கோமாளிகள்தான் சிக்குவார்கள்:
ஹெராயின் தினம் நாற்பது தடவை,
ஓரத்தில் தொப்பி போட்ட மீன்.
சிரித்துவிட்டுச் சிவப்புத் தட்டில் போடுவேன்.

இந்த வருடம், நான்காம் பெட்டியில், ஒரு தாள்.
பதினோராம் வகுப்பு. பதினாறு வயது.
பீர் இல்லை. புகை இல்லை. மாத்திரை இல்லை.
உன் நெருங்கிய நண்பர்களில் எத்தனை பேர் குடிக்கிறார்கள்?
பொருந்தாது.
பார்ட்டிக்கு யாருடன் போவாய்?
பொருந்தாது.
ஆணையர் கேக் வெட்டியது இப்படிப்பட்ட தாளுக்குத்தான்.
அப்புறம் வெலட்ரின்:
முப்பது நாளும்.
பக்கத்தில் பொடி எழுத்தில்
இது ஒன்றுதான் எனக்குக் கேட்கிறது.

இயந்திரம் ஒரு தரம் கத்தித் தாளைத் துப்பியது.

பள்ளி ஆலோசகர் டோரீன் லாம்பிக்குப் போன் போட்டேன்.
ஒரு பிள்ளை இருக்கிறது என்றேன்.
பையனா, பெண்ணா?
அந்த வட்டம் நிரப்பப்படவில்லை.
எங்கே என்றாள்.
நான்காம் பெட்டியில் என்றேன்,
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.
டோரீன் கொஞ்ச நேரம் போனை வைக்கவில்லை,
நானும் வைக்கவில்லை.

அறிக்கையில் கோடு இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.
அந்தத் தாள் அதில் சேரவில்லை.
என் மேசை இழுப்பறையில் இருக்கிறது,
விதிப்படி அது இருக்கக் கூடாத இடத்தில்.

நேற்றுப் பனி உருகியது.
மைதானத்தில் ஒரு கேன்கூட இல்லையாம்.
புல்லில் ஒரு காலடியும் இல்லை என்றார் ரூடி,
யாரிடமோ புகார் சொல்வது மாதிரி.